பள்ளிக் கணிதத்தில் வெக்டர்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தை முன்வைத்து

அளவோடு திசையும் உடைய கணியம் வெக்டர். இடப்பெயர்ச்சி, திசைவேகம், விசை ஆகியவை வெக்டர்கள். அளவு மட்டும் உடைய நிறை, காலம், வெப்பநிலை ஆகியவை ஸ்கேலர்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் மாணவர் கணிதத்தில் இதை முறையாகச் சந்திப்பது பிளஸ் ஒன் வகுப்பில்.

இரண்டு விசைகளை முக்கோணமாக வரைந்து கூட்டும் முறையை 1586-இலேயே சைமன் ஸ்டெவின் கையாண்டார். ஆனால் இயற்கணிதமாக அது உருப்பெற 19-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் நடந்துபோன வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்கு நான்கு உறுப்புகள் கொண்ட குவாட்டர்னியன் எண்கள் பிடிபட்டன. அவற்றின் பகுதிகளுக்கு ஸ்கேலர், வெக்டர் என்று பெயரிட்டவரும் அவரே. மறு ஆண்டு, ஸ்டெட்டின் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மன், எத்தனை பரிமாணத்துக்கும் பொருந்தும் ஒரு கணிதத்தை நூலாக வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. மனம் சலித்த அவர் மொழியியலில் இறங்கி, ரிக் வேதத்துக்கு ஓர் அகராதி தொகுத்தார். சமஸ்கிருத ஆய்வாளர்கள் அதை இன்றும் புரட்டுகிறார்கள். நம் நாட்டுக் கணித வகுப்புகளில் இந்த ஆசிரியரின் பெயர் சொல்லப்பட வேண்டும்.

இன்று மாணவர் படிக்கும் புள்ளிப் பெருக்கமும் குறுக்குப் பெருக்கமும் தனித்தனியாகப் பிரிந்தது இயற்பியலாளர்கள் வில்லர்டு கிப்ஸ், ஆலிவர் ஹெவிசைடு இருவராலும். கிப்ஸ் யேல் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களுக்காக 1881-இலும் 1884-இலும் அச்சிட்ட குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு எட்வின் வில்சன் 1901-இல் பாடநூல் எழுதினார். மின்காந்தவியலுக்குத் தேவைப்பட்டதால்தான் இருவரும் குவாட்டர்னியனைக் கைவிட்டு இந்த எளிய வடிவத்துக்கு வந்தார்கள். இயற்பியல் கேட்டதைக் கணிதம் கொடுத்த கதை இது.

இத்தகைய அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சியில் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1916-இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொல் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன.

1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தபோது, அதுவரை கல்லூரியில் நடந்த பி.யு.சி. படிப்பு மேல்நிலைப் பள்ளிக்கு இறங்கி வந்தது. 2018-க்கு முந்தைய பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதம் இரண்டாவது பாடம். புதிய பாடத்திட்டத்தில் அது இரண்டாம் தொகுதிக்குத் தள்ளப்பட்டு எட்டாவது பாடமாயிற்று. இயற்பியலிலோ முதல் தொகுதியின் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே வெக்டர் கூட்டல், கூறுகள், இரு பெருக்கங்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. ஆகவே, சூத்திரம் முதலில் வருகிறது, அது ஏன் அப்படி என்பது பல மாதம் கழித்து வருகிறது. இந்த மாற்றம் மாணவருக்கு நல்லது செய்யவில்லை. கணித ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்தில் வெக்டருக்கு நான்கைந்து பீரியட் ஒதுக்கினால் இரு பாடமும் எளிதாகும்.

எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் பி.யு.சி. (பதினொன்று, பன்னிரண்டாம்) வகுப்புகளில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். அதில் வெக்டர் இயற்கணிதம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில்தான் வருகிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் அங்கேயும் முந்திக்கொள்கிறது.

இனி பாடத்திலிருந்து பட்டறைக்கு வருவோம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் பெருகின. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட். வெக்டரைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் அமையாது. 10 டன் கல்லை இரண்டு ஸ்லிங் (தூக்குக் கயிறு) கட்டிக் கிரேனில் தூக்குவதாகக் கொள்வோம். இரண்டும் நேர் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றும் 5 டன் தாங்கும். கிடைமட்டத்தோடு 60 பாகை சாய்ந்தால் ஏறத்தாழ 5.8 டன், 45 பாகையில் 7.1 டன், 30 பாகையில் முழு 10 டன். கல்லின் எடை மாறவில்லை. ஸ்லிங்கின் இழுவிசையில் மேல்நோக்கிய கூறின் விகிதம் குறையக் குறைய, மொத்த இழுவிசை ஏறுகிறது. பத்தாம் வகுப்பு சைன் அட்டவணை தெரிந்தவர் யாரும் இதைக் கணக்கிடலாம்.

நிலை வெக்டருக்கும் இடப்பெயர்ச்சி வெக்டருக்கும் உள்ள வேறுபாடு மாணவரைக் குழப்பும் இடம். ஓ ஆதிப்புள்ளி என்றால், ஏ-யிலிருந்து பி-க்கான இடப்பெயர்ச்சி 'ஓபி கழித்தல் ஓஏ' என்பதைத் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். பட்டறைகளில் கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் இதே வேறுபாட்டுக்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. டூல் இப்போது எக்ஸ் 20, ஒய் 10 என்ற புள்ளியில் நிற்கிறது. எக்ஸ் 50, ஒய் 50-க்குப் போக வேண்டும். ஜி90 போட்டால் எண்கள் ஆதிப்புள்ளியிலிருந்து அளக்கப்படும். 50, 50 என்றே எழுத வேண்டும். ஜி91 போட்டால் நிற்கும் இடத்திலிருந்து. 30, 40 என்று எழுத வேண்டும். அந்த இடப்பெயர்ச்சியின் அளவு 50 மில்லிமீட்டர், பிதாகரஸ் சொன்னபடி. ஜி91 நடப்பிலிருக்கும்போது மறந்து 50, 50 எழுதினால் டூல் 70, 60-இல் போய் நிற்கும். நடுவில் கிளாம்ப் இருந்தால் அதில் மோதும்.