ஓரியண்டல் வங்கி கற்பித்த பாடம்



வங்கியொன்றின் ஆண்டுக் கணக்கை வீட்டுக் கணக்கைப்போலப் படித்தல் இயலாது. வீட்டிலே கடன் ஒரு சுமை. வங்கியின் ஐந்தொகையிலோ, பிறருக்குக் கொடுத்த கடன் சொத்துகளின் பக்கத்தில் நிற்கின்றது; நாம் நம்பி வைத்த வைப்புப் பணமே அதன் பொறுப்பாகின்றது. ஆகவே, கடன் மீதி பெருகப் பெருக வங்கியும் வளர்கின்றது என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டுகின்றது.

1851 ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்ற ஓரியண்டல் வங்கி, இலங்கையில் நாணயத்தாள்களை வெளியிட்டு வந்தது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை ஈடாகப் பெற்றும், வரவிருக்கும் விளைச்சலை நம்பியும் அது கடன் வழங்கிற்று. அத்தகைய கடன்களாற் காடுகள் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அங்கே கோப்பி நட்டனர், பழம் பறித்தனர்.

1869 இல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. அதுவே இலைநோய். நோய் கண்டவுடன் தொழில் சாய்ந்துவிடவில்லை. அடுத்த பத்தாண்டிலே கோப்பியின் விலை உயர்ந்தமையால், குறைந்த விளைச்சலும் நல்ல வருவாயைத் தந்தது. துரைமார் புதிய நிலங்களைத் திறந்தனர், கடனும் பெருகிற்று. மரத்தைப் பற்றிய நோயை விலை மறைத்துவிட்டது.

பின்னர் விளைச்சல் வீழ்ந்தது. விளைச்சல் இன்மையால் வட்டி கட்ட இயலவில்லை. விளைச்சல் இல்லாத நிலத்தை வாங்குவாருமில்லை. கடனைத் தீர்க்கவேண்டிய வருவாயும், அதற்குக் காவலாக நின்ற ஈடும் ஒரே காரணத்தால் ஒருங்கே அழிந்தன. மொறீசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு அளித்த கடன்களும் இவ்வங்கிக்கு நட்டத்தையே தந்தன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பத்து ரூபாய் சொந்த முதலும் தொண்ணூறு ரூபாய் வைப்பும் கொண்டு, ஒரு வங்கி நூறு ரூபாய் கடன் கொடுப்பதாகக் கொள்வோம். அக்கடனிற் பத்து ரூபாய் திரும்பாவிடில், முதல் முழுவதும் போயிற்று. அடுத்த ரூபாய் வைப்பாளனுடையது.

1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் தாள்களை வைத்திருந்த மக்கள் கலங்கினர். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என அறிவித்துப் பெருங்கேட்டைத் தடுத்தார். அவ்வாண்டிலேயே நாணயத்தாட் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1885 முதல் அரசாங்கத் தாள்கள் வெளிவந்தன. எனினும், அவ்வுறுதி தாள்களுக்கே உரியது. வைப்பாளர் தம் பணத்துக்கு வங்கியின் கலைப்பை எதிர்நோக்கியே இருக்கவேண்டியதாயிற்று.

ஆதலின், வங்கியொன்றின் கணக்கைப் பார்ப்போர் கடன் மீதியின் பருமனைக் கண்டு மயங்குதல் ஆகாது. தவணை தவறிய கடன் எவ்வளவு? ஐயக்கடனுக்கு ஒதுக்கிய தொகை போதுமா? கடன்கள் பல தொழில்களிற் பரந்துள்ளனவா, ஒரே பயிரை நம்பியுள்ளனவா? இலாபமெனக் காட்டிய வட்டி உண்மையிற் கைக்கு வந்ததா, ஏட்டில் மட்டும் எழுதப்பட்டதா? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே, இலாபத் தொகையை நோக்குதல் தகும்.