சவுல் ஃப்ரீட்லேண்டர்

நாஜி இன அழிப்பிலிருந்து சிறுவயதில் வேற்றுப் பெயரில் மறைந்து தப்பியவர். பின்னாளில் அந்த அழிப்பின் வரலாற்றையே எழுதியவர். 1932 அக்டோபர் 11இல் பிராக் நகரில், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் ஒரே மகனாகப் பிறந்தார். வீட்டில் பாவெல் என்று பெயர். மதப்பற்று பெரிதாக இல்லாத வீடு.

1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகில் நுழைந்ததும் குடும்பம் பாரிசுக்குத் தப்பியது. பிரான்சும் வீழ்ந்தபின், நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் ஆளுகையிலிருந்த நேரி-லே-பேன் என்ற ஊரில் ஒதுங்கியது. 1942 கோடையில் அங்கும் வெளிநாட்டு யூதர்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பெற்றோர் மகனை மோன்லூசோனில் ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் ஒப்படைத்தனர், ஞானஸ்நானத்துக்கும் சம்மதித்தனர். சிறுவன் அங்கிருந்து ஓடி, தந்தை படுத்திருந்த மருத்துவமனைக்கே வந்துவிட்டான். கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு விட மறுத்தான். பிடியைத் தளர்த்தி அனுப்பி வைத்தார்கள். அதன்பின் அவர்களை அவன் பார்க்கவில்லை.

பெற்றோருக்கு நேர்ந்ததை விதியின் தலையில் கட்டிவிட முடியாது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர்கள் ஸ்விட்சர்லாந்து எல்லையைக் கடந்தார்கள். சிறு குழந்தைகளோடு வந்தவர்களை உள்ளே விட்ட ஸ்விஸ் காவலர்கள், கையில் பிள்ளையில்லாத இந்தத் தம்பதியைப் பிரெஞ்சுக் காவல்துறையிடம் ஒப்படைத்தனர். மகன் பிழைக்கட்டும் என்று விட்டுவந்ததே அவர்களுக்கு எமனாயிற்று. நவம்பரில் திரான்சி முகாமிலிருந்து ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர், இருவரும் திரும்பவில்லை.

பள்ளியிலோ பாவெல், போல்-ஆன்ரி ஃபெர்லான் என்ற பக்தியுள்ள கத்தோலிக்கச் சிறுவனாக வளர்ந்துகொண்டிருந்தான். யூதர்களை ஒடுக்கிய விஷி அரசின் தலைவர் மார்ஷல் பெத்தேனைப் போற்றினான். இயேசு சபைக் குருவாக ஆசைப்பட்டான். 1946இல் சென்-எத்தியேனில் அச்சபைப் பாதிரியார் ஒருவர்தான் ஆஷ்விட்சில் நடந்ததை அவனுக்கு விளக்கினார். இனி எந்த வழி என்பதைச் சிறுவனே தீர்மானிக்கட்டும் என்றும் விட்டுவிட்டார். அக்காலத்தில் எல்லாக் குருமாரும் அப்படி விட்டுவிடவில்லை. 1948இல், 15 வயதில், அல்டலேனா கப்பலேறி இஸ்ரேல் போனான்.

பின்னர் வரலாற்றாசிரியராகி ஜெனீவா, டெல் அவீவ், லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். தன்னைக் காத்த அதே திருச்சபையின் தலைவர் போர்க்காலத்தில் காத்த மௌனத்தை, 1964இல் வந்த போப் பன்னிரண்டாம் பத்திநாதர் பற்றிய நூலில், ஜெர்மானியத் தூதரக ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்தார். சொந்தக் கதையை எழுத 1978 வரை ஆயிற்று.

1987இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் மார்ட்டின் ப்ரோஷாட், பாதிக்கப்பட்டோரின் நினைவு அறிவியல்பூர்வ வரலாற்றுக்கு இடராகும் என்ற தொனியில் வாதிட்டார். ஹிட்லர் இளைஞர் படையில் வளர்ந்த தலைமுறை மட்டும் நடுநிலையானதா என்று திருப்பிக் கேட்டார் ஃப்ரீட்லேண்டர். ப்ரோஷாட்டின் பெயர் நாஜிக் கட்சி உறுப்பினர் பதிவில் இருந்தது அவர் இறந்த பிறகே வெளிவந்தது. விவாதத்துக்கு உண்மையான விடை, 1997இலும் 2007இலும் வந்த இரு பெருந்தொகுதிகள்: கொன்றவர்களின் ஆணைகளுக்கு நடுவே கொல்லப்பட்டவர்களின் நாட்குறிப்புகளையும் வைத்து எழுதிய வரலாறு. 2007இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மன் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசைப் பெற்றபோது, தம் குடும்பத்தார் எழுதிய கடிதங்களை மேடையில் வாசித்தார். இரண்டாம் தொகுதிக்கு 2008இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.