கழுத்துச் செயற்கை டிஸ்க் அறுவைக்குப் பிந்தைய மீட்சி – காஞ்சிபுரம் நெசவாளர்கள்

கழுத்தெலும்புகளுக்கு நடுவே பிதுங்கியோ தேய்ந்தோ நரம்பை அழுத்தும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அசையக்கூடிய செயற்கை டிஸ்க்கைப் பொருத்துவது டிஸ்க் மாற்று அறுவை. இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிடும் பழைய முறையில் அந்த இடத்து அசைவு போய்விடும், இதில் தங்கும். 1960களில் சுவீடன் மருத்துவர் ஃபெர்ன்ஸ்ட்ரோம் டிஸ்க்கின் இடத்தில் எஃகுக் குண்டுகளை வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. 2007இல் அமெரிக்க அரசு ஒரு கழுத்து டிஸ்க்குக்கு முதன்முதலாக ஒப்புதல் அளித்தது.

காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்காருபவரின் கால் குழிக்குள் மிதியில், கண் மடியருகே புடவையில். தலை நாள் முழுதும் குனிந்தே இருக்கும். நாடா வீசக் கை போய்வர, கழுத்து மட்டும் அப்படியே நிற்கும். 5, 6ஆம் கழுத்தெலும்புகளுக்கு இடையே நரம்பு நசுங்கினால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகும். அறுந்த பட்டிழையை எடுத்து முடிபோடுவது இவ்விரண்டும்தான். ஆனால் எல்லாருக்கும் இந்த அறுவை பொருந்தாது. பல்லாண்டு தறியில் இருந்து கழுத்து ஏற்கெனவே இறுகிப்போனவருக்கும், கழுத்தெலும்புகளின் பின்மூட்டுகள் தேய்ந்தவருக்கும், எலும்பு மெலிந்தவருக்கும் இணைப்பு அறுவையே ஏற்றது. அசைவே இல்லாத இடத்தில் அசையும் டிஸ்க்கால் பயனில்லை.

டிஸ்க் மாற்று அறுவை கழுத்தின் முன்புறம் சிறு கீறல் வழியாகச் செய்யப்படுகிறது. அன்றோ மறுநாளோ எழுந்து நடமாடலாம்; பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புவர். சென்னையில் அறுவை செய்துகொண்டவருக்கு காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். பேருந்தைவிட, இருக்கையைச் சற்றுச் சாய்க்கக்கூடிய காரே நல்லது. தொண்டை வலியும் குரல் கரகரப்பும் விழுங்கச் சிரமமும் சில நாள், சிலருக்குச் சில வாரம் இருக்கும். அதுவரை குழைந்த சோறும் கஞ்சியும் போதும். கழுத்து திடீரென வீங்கி மூச்சுத் திணறினால் நேரம் கடத்தாமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். கால் தள்ளாடுவது, காய்ச்சலோடு காயம் கசிவது ஆகியவற்றையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கைக்கு இறங்கிய வலிதான் பெரும்பாலும் முதலில் விடும். பலம் மெல்லத் திரும்பும். மரப்பு கடைசியில் போகும், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும், ஓரளவு தங்கிவிடவும் கூடும். டிஸ்க்கைச் சுற்றித் தேவையற்ற எலும்பு வளர்ந்து அசைவை அடைத்துவிடாமலிருக்கச் சில மருத்துவர்கள் இரண்டு வாரம் வீக்கம் குறைக்கும் மாத்திரை தருவர். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்துப்பட்டை பலருக்குத் தேவைப்படுவதில்லை.

வேலைக்குத் திரும்பும் காலம்தான் சிக்கல். சில வாரங்களில் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவமனைத் தாளில் இருப்பது மேசை வேலையை மனத்தில் கொண்ட கணக்கு. தறி மேசையல்ல. புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு விடுப்பும் கிடையாது, அதனால் அவசரப்படுவார். தறிவேலை எதுவெல்லாம் செய்வார் என்பதை மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் விவரமாகச் சொல்லி நாள் குறித்துக்கொள்வதே சரி. முதல் வாரங்களில் நிரம்பிய குடம் தூக்கக்கூட அனுமதி இராது. நூல் சுற்றுவது போன்ற இலகுவான வேலை முதலில்; நெசவு அதற்குப் பிறகு, அதுவும் அரைமணிக்கொருமுறை எழுந்து நின்று. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு ஒரு கரையைப் பார்க்கத் துணையாள் இருப்பது பெரிய சௌகரியம். வேறு நிற முந்திக்காக இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதும், தலைக்கு மேலுள்ள, வேலைப்பாட்டுக்கான ஜக்கார்டு பெட்டியில் சிக்கெடுக்க அண்ணாந்து நிற்பதும் கடைசியாகத் திரும்ப வேண்டிய வேலைகள். இருக்கையைச் சற்று மாற்றியமைத்து, புடவை மேல் வெளிச்சம் விழச் செய்தால் குனிவு குறையும். இது அறுவைக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

இதே ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் வாகனங்களைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள் இந்த அறுவை செய்துகொண்டால் நிலைமை இன்னும் கடினம். வாகனத்தைச் சுமக்கும் தண்டின் பாரம் தோளும் கழுத்தும் சேருமிடத்தில் இறங்குகிறது. வைகாசி கருட சேவையில் சுமந்தபடி ஊர்வலமும் போக வேண்டும். அறுவை மருத்துவர் தெளிவாக அனுமதிக்காமல் அந்தத் தண்டுக்குத் தோள் கொடுக்கக்கூடாது. தொடர் பரிசோதனைகளில் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே படங்களில் டிஸ்க் இடம்விட்டு நகராமல் இருக்கிறதா, கழுத்தோடு சேர்ந்து அசைகிறதா என்று பார்ப்பார்கள். அனுமதி பெரும்பாலும் அந்தப் படங்களைப் பொறுத்தே அமையும்.