பேராதனைத் தோட்டத்துக்குப் போகுமுன்



வருகிற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதென்று பிளசன்டனில் மூன்று குடும்பங்களாகத் திட்டம் போட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இரண்டு கிழமை, பிறகு கண்டி. கண்டியில் பிள்ளைகள் பார்க்கக் கேட்டது பேராதனைத் தாவரவியல் பூங்கா. பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே 34 ஏக்கரில் மரஞ்செடிகளை அவை பிறந்த கண்டம் வாரியாக நட்டிருக்கிறார்கள். "பேராதனையிலும் அப்படியா, அப்பா?" என்று மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இம்மாத உரையாகத் தருகிறேன்.

மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, 147 ஏக்கரில் கிடக்கிறது பேராதனைத் தோட்டம். கண்டி இராச்சியம் 1815இல் வெள்ளையரிடம் வீழ்ந்தது. ஆறு வருடம் கழித்து, 1821இல், அலெக்சாண்டர் மூன் என்பவர் களுத்துறையில் இருந்த அரசாங்கத் தோட்டத்தின் செடிகளை இங்கே கொண்டுவந்தார். எந்தப் பயிர் இந்த மண்ணில் காசு தரும் என்று பார்ப்பதே அக்காலத்தில் இத்தகைய தோட்டங்களின் முக்கிய வேலை.

முதலில் காசு தந்தது கோப்பி. அதை ஆயத் தமிழகத்தில் இருந்து எம் சனம் வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். கோப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பிவிடுவார்கள்.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் போன்ற ஒரு நோய் கண்டது. அப்போது பேராதனைத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் துவைற்ஸ். நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்தார்களே தவிர, அதை நிறுத்த முடியவில்லை. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அந்த இடத்தைப் பிடித்தது தேயிலை. 1839இலேயே அசாம் தேயிலை விதைகள் கல்கத்தாவில் இருந்து பேராதனைக்கு வந்திருந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டார்.

நேயர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தேயிலைக் கொழுந்தை வருடம் முழுவதும் கிள்ள வேண்டும். ஆகவே வந்துபோன சனம் குடும்பத்தோடு லயத்தில் தங்கியது, பிள்ளை பெற்றது, அங்கேயே மண்ணானது. பயிர் மாறியதால்தான் அவர்கள் இலங்கையராக வேரூன்றினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை அந்நியர் என்றது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். 1876இல் கியூ தோட்டத்தில் இருந்து பெட்டிகளில் வந்த 1,919 பிரேசில் இறப்பர்க் கன்றுகளை மட்டும் யாரும் அந்நியம் என்று திருப்பி அனுப்பவில்லை!

வடக்கில் இருந்து அகதியாக வந்த நாங்கள் எங்கள் கதையைப் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்கிறோம். மலையகத்தின் கதையை அந்தளவுக்குச் சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, போகிறவர்களுக்குச் சில விடயங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மழை பிடித்தால் நனைய வேண்டியதுதான். அமெரிக்கக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூராரைவிடப் பல மடங்கு. பனைமர வரிசை ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தாரை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் மனைவியோடு வந்து நட்ட நாகலிங்க மரமும் நிற்கிறது. சிவன் கோயில்களில் நாம் கும்பிடுகிற அந்த மரத்தின் பிறப்பிடம் தென்னமெரிக்கா என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பூங்காவோடு நாளை முடித்துவிடாதீர்கள். கம்பளைப் பக்கம், பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் வாழ்ந்த லயத்திலேயே 2007இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கங்காணிக் காலத்துப் பொருட்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. எங்கள் திட்டத்தில் பிற்பகல் அதற்குத்தான். பாதை வளைந்து வளைந்து ஏறும். வாகனத்தில் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு மாத்திரையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.