தீர்மானங்களால் நடந்த பிரிவினை: அலபாமாப் பல்கலைக்கழகப் பொறுப்பாளர் சபையும் ஓதரின் லூசியும்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலவிய இனப்பிரிவினையை எழுதப் புகுவோர், கலகக் கும்பல்களையும் எரியும் சிலுவைகளையும் வாயிலை மறித்து நின்ற ஆளுநர்களையுமே பெரிதும் எழுதியுள்ளனர். அவை கண்ணிற் பட்டவை, புகைப்படங்களிற் பதிந்தவை. ஆயின், பிரிவினை நாளாந்தம் நடைபெற்ற இடங்களுள் முக்கியமானது கூட்ட மண்டபமாகும். நிகழ்ச்சி நிரல், முன்மொழிவு, வழிமொழிவு, தீர்மானம் என்ற ஒழுங்கில், உரத்த சொல் எதுவுமின்றி, பல்கலைக்கழகங்களை ஆண்ட சபைகள் அதனை நடத்திவந்தன. அலபாமாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாளர் சபை 1956ஆம் ஆண்டின் முதல் இரு மாதங்களில் ஆற்றிய கருமங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

ரஸ்கலூசா நகரில் 1831இல் திறக்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்தின் உச்ச அதிகார சபை, நமது பல்கலைக்கழகங்களின் பேரவையை ஓரளவு ஒத்ததாயினும் அமைப்பில் வேறுபட்டது. ஓர் உறுப்பினரின் இடம் வெற்றிடமாகுமிடத்து எஞ்சிய உறுப்பினரே புதியவரைத் தெரிவு செய்வர். மாநில செனற் சபை அத்தெரிவை உறுதிப்படுத்தும். மாநில ஆளுநர் பதவிவழியாகச் சபையின் தலைவராவார். அரசியல்வாதிகளின் கைகளிற் பல்கலைக்கழகம் சிக்கலாகாது என்பதே இவ்வமைப்பிற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயத்தில் உண்மையில்லாமலில்லை. எனினும், தன்னைத் தானே தெரிவு செய்யும் சபையொன்று எத்தகையோரைத் தெரிவு செய்யுமென்பதை ஊகித்தல் கடினமன்று. ஐம்பதுகளில் அதில் அமர்ந்திருந்தோர் அனைவரும் வெள்ளையர். சட்டத்தரணிகளும் வணிகருமாக ஊரில் மதிப்புப் பெற்றவர்கள். நீதிமன்றத்தை வெளிப்படையாக எதிர்ப்பதை இத்தகையோர் விரும்புவதில்லை. அவர்களது செயன்முறையை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

1952 செப்டெம்பரில், மைல்ஸ் கல்லூரியிற் பட்டம் பெற்ற ஓதரின் லூசி, பொலி ஆன் மயேர்ஸ் என்னும் இரு கறுப்பினப் பெண்கள் பட்டப் பின்படிப்பிற்கு விண்ணப்பித்தனர். லூசி மரெங்கோ மாவட்டத்தில் விவசாயக் குடும்பமொன்றில் 1929இற் பிறந்தவர், பத்துப் பிள்ளைகளுள் இளையவர், இயல்பிலே கூச்சமுள்ளவர். துணிந்து முன்சென்றவர் மயேர்ஸே. விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன, விடுதி அறைக்கான முற்பணமும் பெறப்பட்டது. இருவரும் நேரிற் சென்றபோதே அவர்கள் கறுப்பினத்தவர் என்பது அலுவலகத்திற்குத் தெரியவந்தது. அனுமதியிலே தவறு நேர்ந்துவிட்டதென்று கூறி அவர்கள் திருப்பியனுப்பப்பட்டனர்.

அவ்வேளையிற் சட்டத்தின் நிலை பல்கலைக்கழகத்திற்குச் சாதகமாக இருக்கவில்லை. "பிரிந்திருப்பினும் சமம்" என்ற கோட்பாட்டை 1896இல் ஏற்றுக்கொண்ட அமெரிக்க உயர்நீதிமன்றம், 1938இல் மிசூரி மாநிலச் சட்டக் கல்லூரி வழக்கிலும், 1950இல் ரெக்சாஸ், ஒக்லஹோமா வழக்குகளிலும் பட்டப் பின்படிப்பு மட்டத்தில் அக்கோட்பாட்டைப் பெருமளவு நலிவடையச் செய்திருந்தது. 1954 மே 17இல் வெளிவந்த பிறவுண் வழக்குத் தீர்ப்பு பொதுப் பாடசாலைகளில் அதனை முற்றாகவே நிராகரித்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் சார்பில் தேர்குட் மார்ஷல், கொன்ஸ்ரன்ஸ் பேக்கர் மொட்லி, பேர்மிங்ஹாம் நகரின் ஆதர் ஷோர்ஸ் ஆகிய சட்டத்தரணிகள் இரு பெண்களுக்காகவும் வாதாடினர். 1955 கோடையில் சமஷ்டி மாவட்ட நீதிபதி ஹோபார்ட் குறூம்ஸ், இனத்தைக் காரணமாகக் கொண்டு அனுமதி மறுத்தலாகாது என அனுமதிக்குப் பொறுப்பான பீடாதிபதிக்குக் கட்டளையிட்டார். இவ்விருவருக்கு மட்டுமன்றி, அவர்களை ஒத்த நிலையிலுள்ள ஏனைய கறுப்பின விண்ணப்பதாரருக்கும் அக்கட்டளை பொருந்துவதாயிருந்தது. ஒக்டோபர் 10ஆம் நாள் உயர்நீதிமன்றம் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது.

இந்நாள் முதற் சபையின் மொழி மாறிற்று. "இனம்" என்ற சொல் அதன் காரணங்களிலிருந்து மறைந்துவிட்டது. அச்சொல்லை எழுதுவது நீதிமன்ற அவமதிப்பாகும். எழுதாதுவிடின் எதனையும் செய்ய இடமுண்டு. இதனைச் சபையிலிருந்த சட்டத்தரணிகள் நன்கறிந்திருந்தனர்.

முதலில் ஒழுக்கம் காரணமாயிற்று. இரு பெண்களின் வாழ்க்கையையும் துருவி ஆராயத் தனியார் துப்பறிவாளர்கள் அமர்த்தப்பட்டனர். எத்தனை வெள்ளை மாணவர்களின் வாழ்க்கை இவ்வாறு ஆராயப்பட்டதென்று வினவுதல் தகும். மயேர்ஸின் திருமணத்திற்கும் அவரது கருத்தரிப்பிற்கும் இடைப்பட்ட காலக்கணக்கு கண்டுபிடிக்கப்பட்டது. அவரது நடத்தையும் திருமண வரலாறும் பல்கலைக்கழகத்தின் தராதரத்திற்கு ஏற்றவையல்லவென 1956 சனவரி இறுதியில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. துணிவுமிக்கவர் விலக்கப்பட்டால் கூச்சமுள்ளவர் தாமாகவே ஒதுங்குவார் என்பது எதிர்பார்ப்பு. அது நிறைவேறவில்லை.

அடுத்துச் சபை இருப்பிடத்திற் கைவைத்தது. லூசி வகுப்பிற்கு வரலாம். விடுதியில் தங்கவோ உணவு மண்டபத்தில் உண்ணவோ கூடாது என்று தீர்மானிக்கப்பட்டது. நீதிமன்றக் கட்டளை அனுமதியைப் பற்றியது. விடுதியைப் பற்றியதன்று என்பது வாதம். ஆகவே, பேர்மிங்ஹாமிலிருந்து ஏறக்குறைய 60 மைல் பயணஞ் செய்து அவர் ஒவ்வொரு நாளும் வரவேண்டியதாயிற்று. பிற மாணவருக்குப் பல்கலைக்கழகம் வாழிடமாயிருக்க, அவருக்கு மட்டும் அது வந்துபோகும் இடமாக்கப்பட்டது. அவர் எந்நேரத்தில் எவ்வழியால் வருவார் என்பதைக் கும்பல் அறிந்துகொள்வதற்கும் இவ்வேற்பாடு துணையாயிற்று எனலாம்.

பெப்ரவரி 3ஆம் நாள், வெள்ளிக்கிழமை, லூசி முதன்முறையாக வகுப்பிற்குச் சென்றார். அன்றிரவே வளாகத்திற் சிலுவை எரிக்கப்பட்டது. சனிக்கிழமையும் அவர் வந்தார். திங்கட்கிழமை, 6ஆம் நாள், மாணவரோடு வெளியூராரும் தொழிற்சாலைத் தொழிலாளரும் கூ கிளக்ஸ் கிளானைச் சேர்ந்தோருமாகத் திரண்ட கூட்டம் முட்டைகளையும் கற்களையும் எறிந்து அவரைத் துரத்திற்று. கல்வித்துறை அமைந்திருந்த கிரேவ்ஸ் மண்டபத்தின் அறையொன்றிற் சில மணிநேரம் அடைபட்டிருந்த அவர், ஈற்றில் பொலிசாரின் காரொன்றிற் குனிந்து கிடந்தபடி வெளியேற்றப்பட்டார். அவர் பல்கலைக்கழகத்தில் மாணவியாகக் கழித்தவை மூன்றே நாள்கள்.

அன்றிரவு சபை கூடிற்று. தாக்கப்பட்டவரின் பாதுகாப்பிற்காகவும் ஏனைய மாணவர், ஆசிரியரின் பாதுகாப்பிற்காகவும், மறு அறிவித்தல் வரை தாக்கப்பட்டவரையே வகுப்புகளிலிருந்து விலக்குவதெனத் தீர்மானித்தது. காலையிற் கும்பல் கேட்டதும் இரவிற் சபை தந்ததும் ஒன்றே. கும்பலின் நோக்கத்தைச் சபையிலிருந்த எல்லோரும் விரும்பினர் என்று கூறுதல் மிகையாகலாம். பல்கலைக்கழகத் தலைவர் ஒலிவர் கார்மைக்கல் கலகக்காரரை வெறுத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கலகத்தின் பயனைக் கலகக்காரருக்கே அளிக்கும் ஒரு தீர்மானம் "பாதுகாப்பு" என்ற சொல்லின் கீழ் எவரது மனச்சாட்சியையும் உறுத்தாது நிறைவேறியது. ஆபத்தைத் தோற்றுவித்தோரை விலக்குதல் சபைக்கு அரிதாயும், ஆபத்திற்கு உள்ளானவரை விலக்குதல் எளிதாயும் இருந்தது. கலகத்திற்குத் தலைமை தாங்கிய மாணவன் வெளியேற்றப்பட்டது மார்ச் மாத நடுப்பகுதிக்கு அண்மையிலேயே.

லூசியின் சட்டத்தரணிகள் உடனே நீதிமன்றம் சென்றனர். பல்கலைக்கழக அதிகாரிகள் கும்பலோடு சேர்ந்து சதி செய்தனர் என்றும் தமது மனுவிற் குற்றஞ்சாட்டினர். இது நிறுவக்கூடிய குற்றச்சாட்டன்று. விசாரணை நாளான பெப்ரவரி 29இல் அவர்களே அதனை மீளப்பெற்றுக்கொண்டனர். அன்றே நீதிபதி குறூம்ஸ், மார்ச் 5ஆம் நாளிற்குள் லூசியை மீண்டும் வகுப்பிற் சேர்க்குமாறு கட்டளையிட்டார். வழக்கு வெல்லப்பட்டதாகவே தோன்றியது.

ஆனால், அதே நாளிற் சபை மீண்டும் கூடிற்று. பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் அதிகாரிகள் மீதும் பொய்யான, அவதூறான குற்றச்சாட்டுகளைச் சுமத்தினார் என்பதற்காக லூசியை நிரந்தரமாக வெளியேற்றியது. இம்முறை காரணம் ஒழுங்காற்று நடவடிக்கை. நீதிமன்றத்தை நாடிய மாணவி, நீதிமன்ற ஆவணத்திற் காணப்பட்ட சொற்களுக்காகவே தண்டிக்கப்பட்டார். சட்டத்தரணிகளின் அவசரம் சபைக்கு ஒரு பிடிமானத்தைக் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அப்பிடிமானம் கிடைக்காதிருப்பின் வேறொன்று கிடைத்திருக்கும் என்பதையும், முந்திய நான்கு வாரங்களின் போக்கினைக் கண்டவர் மறுக்கமாட்டார். 1957 சனவரியில் இவ்வெளியேற்றம் செல்லுபடியாகுமென குறூம்ஸே தீர்ப்பளித்தார். இனத்தைக் காரணமாகக் காட்டும் மறுப்பைத் தடுக்க நீதிமன்றத்தால் இயன்றது; மாணவரைத் தண்டிக்கும் அதிகாரத்தை ஒரு சபையிடமிருந்து பறிக்க அது விரும்பவில்லை. கார்மைக்கல் அவ்வாண்டிற் பதவியிலிருந்து விலகிச் சென்றார். அதற்கு முன்னரே, 1956 யூன் மாதத்தில், தேசியச் சங்கம் அலபாமாவில் இயங்கவியலாதபடி மாநில நீதிமன்றமொன்று தடைவிதித்திருந்தது. ஆகவே, புதிய விண்ணப்பதாரருக்குத் துணைநிற்கும் கையும் கட்டப்பட்டிருந்தது.

இதனை 1963ஆம் ஆண்டு நிகழ்ச்சியோடு ஒப்புநோக்குதல் பயனுடையது. யூன் 11ஆம் நாள் ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் பதிவு நடைபெற்ற மண்டபத்தின் வாயிலில் நின்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் ஆகிய இரு கறுப்பின மாணவர்களை மறித்தார். ஜனாதிபதி கெனடி மாநிலக் காவற்படையைச் சமஷ்டி ஆணையின் கீழ்க் கொணர்ந்ததும் அன்று பிற்பகலிலேயே ஒதுங்கினார். மாணவர் இருவரும் பதிவு செய்யப்பட்டனர். மலோன் 1965இற் பட்டம் பெற்றார். உலகெங்கும் அறியப்பட்டது இக்காட்சியே. பதவிவழியாகப் பொறுப்பாளர் சபையின் தலைவராகவும் விளங்கிய வொலஸின் உரத்த எதிர்ப்பு ஒரு பகற்பொழுதிற்கு மட்டுமே தாக்குப்பிடித்தது. அவரது ஆரவாரமெதுவுமின்றி அதே சபை நிறைவேற்றிய 1956ஆம் ஆண்டுத் தீர்மானமோ, 1955ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டளை உயிருடன் இருக்கவே, ஏழாண்டுகள் பல்கலைக்கழகத்தை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக வைத்திருந்தது. வாயிலில் நிற்கும் ஆளுநரை அகற்றப் படை அனுப்பலாம். கூட்ட அறிக்கையில் எழுதப்பட்ட ஒரு காரணத்தை அகற்ற எந்தப் படையும் இல்லை. அதனை எழுதிய சபையே அழிக்கவேண்டும்.

அது நிகழ முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. வெளியேற்றத்தின் பின் லூசி மதபோதகரான ஹியூ பொஸ்ரரை மணந்து பிற மாநிலங்களில் வாழ்ந்தார். அவரது பெயர் பெற்ற விளம்பரமே ஆசிரியத் தொழில் கிடைப்பதற்குத் தடையாயிற்று. எழுபதுகளில் அலபாமாவிற்கு மீண்டு வந்தார். பல்கலைக்கழக ஆசிரியர் சிலரின் முயற்சியினால் 1988இற் சபை தனது வெளியேற்றத் தீர்மானத்தை இரத்துச் செய்தது. மறு ஆண்டு மீண்டும் மாணவியாகச் சேர்ந்த அவர், 1992இல் தொடக்கக் கல்வியில் முதுமாணிப் பட்டம் பெற்றார். இளமாணிப் பட்டம் பெற்ற அவரது மகளும் அதே விழாவில் உடனிருந்தார்.

2022 பெப்ரவரி 3ஆம் நாள், லூசி முதன்முதலாக வகுப்பிற்குச் சென்ற அதே தேதியில், சபை வேறொரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அவர் 1956இல் அடைபட்டிருந்த கிரேவ்ஸ் மண்டபம் இனி "லூசி-கிரேவ்ஸ் மண்டபம்" எனப்படும் என்பதே அது. இருமுறை ஆளுநராயிருந்த பிப் கிரேவ்ஸ், கூ கிளக்ஸ் கிளானின் முக்கியத்தர்களுள் ஒருவர். துரத்தப்பட்டவரின் பெயரையும் துரத்திய அமைப்பைச் சேர்ந்தவரின் பெயரையும் ஒரு சிறு கோட்டால் இணைத்தமை சமரசமெனச் சபைக்குத் தோன்றியிருக்கவேண்டும். மாணவரிடையேயும் வெளியிலும் கடுங்கண்டனம் எழுந்தது. எட்டு நாள்களின் பின், பெப்ரவரி 11இல், சபை மீண்டும் கூடிக் கிரேவ்ஸின் பெயரை நீக்கியது. "ஓதரின் லூசி மண்டபம்" அம்மாதம் 25ஆம் நாள் அவரது முன்னிலையிலேயே பெயர்சூட்டப்பட்டது. மார்ச் 2ஆம் நாள், தமது 92ஆவது வயதில், அவர் காலமானார்.