விளையாட்டும் தனித்திருக்கும் குழந்தையும்

கண்டி என்றதும் தலதா மாளிகையும் பெரஹராவும் நினைவில் எழும். அம்மலைநாட்டுப் பண்பாட்டில் அதிகம் பேசப்படாத செல்வம் ஒன்றும் உண்டு. அதுவே ஒலிந்தக் கெலிய என்னும் விளையாட்டு. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில், இரு வரிசைக் குழிகள் கொண்ட பலகையின் இரு புறமும் இருவர் அமர்ந்து, குன்றிமணி விதைகளைக் குழிகளில் இட்டு ஆடுவர். தமிழர் வீட்டுப் பல்லாங்குழிக்கு இது நெருங்கிய உறவு. பிறரோடு கூடிப் பழக இயலாது தனித்திருக்கும் குழந்தைக்கு இவ்வெளிய ஆட்டம் துணை நிற்கக்கூடும். அதனை உணர, மருத்துவ உலகம் நடந்துவந்த பாதையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மனநல வைத்தியர், 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அக்குழந்தைகள் ஆட்களோடு உறவாட முற்படவில்லை. பொருள்களோடு நெடுநேரம் மகிழ்ந்திருந்தனர். சூழ்நிலை மாறாது இருப்பதையே விரும்பினர். இந்நிலையே ஓட்டிசம் எனப் பெயர் பெற்றது. தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்குவர். கானருக்கு முன்னரே, 1925இல், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்னும் பெண் வைத்தியர் இத்தகைய சிறுவர் அறுவரைப் பற்றி எழுதியிருந்தார். உலகம் அதனை நெடுங்காலம் கவனிக்கவில்லை.

காரணம் யாது என்னும் வினா எழுந்தபோது, பழி தாயின்மீது விழுந்தது. அன்பற்ற வளர்ப்பே குழந்தையை இவ்வாறு ஆக்கிற்று என்னும் கருத்தை, 1967இல் புரூனோ பெத்தல்ஹைம் வெளியிட்ட நூல் எங்கும் பரப்பியது. ஓட்டிசம் கொண்ட மகனின் தந்தையான பேர்னாட் ரிம்லண்ட், 1964இலேயே அக்கருத்தை மறுத்து, இது உடலியல் சார்ந்த நிலை என வாதாடியிருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கல் ரட்டர் ஆகிய இருவரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, பரம்பரைக்கு இதிற் பெரும் பங்குண்டு எனக் காட்டினர். தாய் குற்றமற்றவள் என்பது நிலைநாட்டப்பட்டது. ஆயினும், நாவூறு என்றும் வினைப்பயன் என்றும் பேசும் அயலார் செவிக்கு அம்முடிவு இன்னும் முழுமையாக எட்டியதாகத் தெரியவில்லை.

பழி நீங்க நீங்க, உதவிக்கு வழி பிறந்தது. 1979இல் லோர்னா விங், ஜூடித் கூல்ட் ஆகியோர் இலண்டனின் கேம்பர்வெல் பகுதியில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். சமூக உறவு, கருத்துப் பரிமாற்றம், கற்பனை ஆகிய மூன்றிலும் இக்குழந்தைகள் ஒருங்கே இடர்ப்படுவதை அது விளக்கிற்று. இம்மூன்றும் ஒருசேரப் பயிலும் களம் விளையாட்டன்றோ? 2004இல் டானியல் லெகோஃப் என்னும் உளவியலாளர் லெகோ கட்டைகளைக் கொண்டு செய்த முயற்சியின் பயனை வெளியிட்டார். ஒரு சிறுவன் வரைபடத்தைப் பார்த்துக் கூறுவான், மற்றொருவன் உரிய கட்டையைத் தேடிக் கொடுப்பான், மூன்றாமவன் பொருத்துவான். ஒருவனின்றி மற்றவன் வேலை முடியாது. பொருளின்மீதுள்ள பற்றே மனிதரிடம் செல்லும் பாலமாயிற்று.

நிபுணர் அரிதாயுள்ள நாடுகளில் இத்தகைய உதவி இயலுமா? கோவாவிலும், பாக்கிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடையே நடைபெற்று 2016இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர் வீடுகளுக்குச் சென்றனர். தாயும் சேயும் விளையாடுவதைப் படம்பிடித்து, குழந்தை காட்டும் சிறு குறிப்பையும் தாய் கண்டுகொள்ளப் பழக்கினர். எல்லாக் கூறுகளிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. எனினும், குழந்தைகள் தாமே முன்வந்து பெற்றோருடன் தொடர்புகொள்வது மிகுந்தது. இலங்கையில் ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்விலோ, 18 முதல் 24 மாத வயதினருள் 93 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. ஆகவே, இது தொலைநாட்டார் கவலை மட்டும் அன்று.

கண்டிக்கு அருகே பேராதனையில் சிறுவர்க்கான சிறப்பு வைத்தியசாலை உண்டு. ஆயினும், ஒரு நாட் கூலியை இழந்து, லயன் அறையிலிருந்து குழந்தையுடன் மலையிறங்கி பஸ் ஏறும் தாய்க்கு அது அருகில் இல்லை. வைத்திய ஆலோசனை இன்றியமையாதது. இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நாள்களிலோ வீடே பள்ளியாகும்.

அங்கேதான் குழிப்பலகை பயன்படும். அதன் விதி மாறாதது. ஆட்டம் முறை மாற்றி நடப்பது. பேச்சு மிகுதியும் வேண்டாதது. முகம் நோக்குமாறு எவரையும் வற்புறுத்தாதது. முதலிற் குழந்தை தன் விருப்பம்போல் காய்களை இட்டு எடுக்கட்டும். தாய் அருகமர்ந்து அதனையே செய்யட்டும். பின்னர் ‘உன் முறை, என் முறை’ என்பது வரும். அதன்பின் தமக்கையும் அயல்வீட்டுப் பிள்ளையும் வரலாம். ஓர் எச்சரிக்கை: குன்றிமணி நஞ்சுடையது. வாயில் இடும் இயல்புள்ள பிள்ளைகளுக்கு விழுங்க இயலாத பெரிய மரக்காய்களே தகும்.

குழந்தையை மற்றவரைப்போல் மாற்றுவது இதன் நோக்கமன்று. ஓட்டிசம் கொண்ட சமூகவியலாளரான டேமியன் மில்ட்டன், புரிந்துகொள்ளாமை இருபுறத்தும் உளது என 2012இல் எடுத்துரைத்தார். குழந்தை உலகைக் கற்பதுபோல், உலகமும் குழந்தையைக் கற்றல் வேண்டும். குழிப்பலகைக்கு இரு பக்கங்கள் உள. எதிரே அமர ஒருவர் முன்வந்தாலன்றி ஆட்டம் தொடங்குவதில்லை.