தெரு யாருக்குச் சொந்தம்?

சில மாதங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவில் ஒரு ஜனாஸா. சந்தூக்கைத் தூக்கி வந்தவர்கள் சந்து திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார்கள். ஒரு பக்கம் தெருவுக்குள் இறக்கிக் கட்டிய வாசற்படி. மறுபக்கம் வரிசையாக நிறுத்திய பைக்குகள். வண்டிகளை நகர்த்திய பிறகே சந்தூக்கு வெளியே வந்தது. படி கட்டியவரும் வண்டி நிறுத்தியவரும் நம் சகோதரர்கள்தாம். தெருவுக்கும் ஒரு சட்டம் உண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கூஃபா: முதலில் தெரு, பிறகு வீடு

மதாயின் நகரின் தட்பவெப்பம் முஸ்லிம் படையினருக்கு ஒத்துவரவில்லை. எனவே கலீஃபா உமர் (ரழி) அவர்களின் ஆணைப்படி, ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் இராக்கில் கூஃபா நகரை அமைத்தார்கள். இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் வரலாற்று நூல் தரும் விவரம் இது: முதலில் பள்ளிவாசலுக்கு இடம் குறிக்கப்பட்டது. வில்லாளி ஒருவர் அங்கே நின்று நாற்புறமும் அம்பெய்தார். அம்பு விழுந்த இடத்துக்கு அப்பால்தான் வீடு கட்ட அனுமதி. பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கும் அடுத்தவை 20, சந்துகள் 7 முழம். சந்து அதற்கும் குறையக் கூடாது.

இந்த அளவுகளில் ஒரு பொருள் இருக்கிறது. அகன்ற தெரு ஊரார் எல்லோரையும் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் கொண்டுசெல்கிறது. சிறு சந்தில் அயலார் நடமாட்டம் குறைவு. அங்கே ஒருவரையொருவர் அறிந்த குடும்பங்கள் வாழ்கின்றன.

ஏழு முழம்

வழியின் அளவில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை புகாரீ, முஸ்லிம் நூல்கள் பதிவு செய்துள்ளன. முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் ஏறத்தாழ பத்தரை அடி. சுமையோடு வருபவரும் போகிறவரும் இடிபடாமல் கடக்க அது போதும்.

இரண்டு வகைத் தெரு

ஃபிக்ஹு நூல்கள் தெருவை இரண்டாகப் பிரிக்கின்றன. மறுமுனை திறந்த தெரு எல்லோருக்கும் பொது. அதில் திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் கூடாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் கூறுகிறார்கள். மாடியை நீட்டுவதானால், கீழே நடப்பவர் குனியாமல் செல்லும் உயரம் வேண்டும்.

முட்டுச்சந்து அதில் வாசல் உள்ளவர்களின் கூட்டு உடைமை. ஒருவர் அதில் எதையாவது நீட்ட மற்றவர்களின் சம்மதம் தேவை. ஒவ்வொருவரின் உரிமையும் சந்து முனையிலிருந்து தம் வாசல்வரை. எனவே கடைசி வீட்டுக்காரருக்குச் சந்து முழுவதிலும் உரிமை உண்டு. முதல் வீட்டுக்காரர் வைக்கும் படி அவருடைய வழியைத்தான் குறுக்குகிறது.

நம் காயல்பட்டினத்து முடுக்குகளை எண்ணிப் பாருங்கள். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே உறவினர் வீட்டுக்குப் போய்வர வழிசெய்தவை அவை. ஒவ்வொருவரும் ஒரு சாண் கூட்டிக் கட்டினால் அந்த வழி மூடிப்போகும்.

நாம் செய்யக்கூடியது

வீடு கட்டுமுன் வாசற்படி நம் மனைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்போம். வண்டியை நிறுத்தியபின், ஒரு சந்தூக்கும் ஓர் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரும் செல்ல இடமிருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்போம். ஜமாஅத்தார் தெருவின் அளவை எழுதி வைத்தால் நாளைய சண்டை இன்றே தீரும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளை. அந்தத் தொல்லை நம் வீட்டு வாசற்படியாக இல்லாதிருக்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.